கேட்டு வரவேண்டிய தொட்டில்

முப்பது வருடமாக ஒருவரும் கேட்டு வராத தொட்டிலைக் கடைசியில் கேட்டு வந்தவள் பிள்ளைத்தாய்ச்சி அல்ல. கையில் ஒரு ஃபைலும் தோளில் பையுமாக வந்த ஒரு பெட்டை. கேற்றடியில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, "மிரியம் அன்ரி இருக்கிறாவோ?" என்று என்னிடமே கேட்டாள். இந்த வீட்டில் வேறு யார் இருக்கப் போகிறார்கள்? நான்தான் இருக்கிறேன், நான் மட்டுந்தான் இருக்கிறேன்.

பெயர் பிரியந்தினி என்றாள். எங்கள் ஊர் மிஷன் பங்களாவைத் திருத்தி, அந்தக் காலத்து ஆட்கள் எப்படிக் குடியிருந்தார்களோ அப்படியே கட்டில், மேசை, கோப்பை எல்லாம் வைத்து நூதனசாலையாகத் திறக்கப் போகிறார்கள். அதற்குப் பொறுப்பாக வந்தவள் அவள். பழைய பாதிரிமார் எழுதி வைத்த சாமான் பட்டியலை விரித்து விரலால் காட்டினாள்.

"சித்திர வேலை செய்த தொட்டில் ஒண்டு எண்டு கிடக்கு அன்ரி. அது உங்களிட்டைத்தானாம்."

"ஆர் சொன்னது?"

"சேர்ச்சிலை எல்லாரும் சொல்லிச்சினம்."

எல்லாரும்! எனக்கு விசர் வந்துவிட்டது. எல்லாருக்கும் தெரியும், நேற்று முந்தநாள் அல்ல, முப்பது வருடமாகத் தெரியும். தெரிந்தும் ஒருவர் இந்தக் கேற்றைத் திறந்து உள்ளே வரவில்லை.

"நான் களவெடுத்து வைச்சிருக்கிறன் எண்டும் சொல்லிச்சினமோ?"

"ஐயோ, இல்லை அன்ரி..." அவளுக்கு முகம் வெளிறிவிட்டது. பாவம், அவள் என்ன செய்வாள்? "உள்ளுக்கு வா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் பார்" என்றேன்.

தொட்டில் முன்னறையில் யன்னலோரம் நிற்கிறது. வெள்ளைத் துணியை இழுத்ததும் பிரியந்தினி வாயைப் பிளந்துவிட்டாள். முதிரை மரம், கறுத்து மினுங்கும். இரண்டு பக்கமும் முந்திரிகைக் கொடி ஓடும், நடுவில் மாதுளம்பழங்கள் இருக்கும். தலைமாட்டில் ஒரு தேவதூதன். அந்தக் காலத்துப் பாதிரியாரின் மனைவி, ஒரு வெள்ளைக்காரி, படம் கீறிக் கொடுத்துத் தேவதூதன் செய்யச் சொல்ல, தேர் செய்கிற ஆசாரி தன் கைக்கு வந்தபடி காதில் தோடும் இடுப்பில் ஒட்டியாணமும் போட்டு விட்டானாம். வெள்ளைக்காரியும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தொட்டிலில் அவளுடைய பிள்ளைகள் கிடந்து எழும்ப, பிறகு சபையில் பிறக்கிற பிள்ளைகளுக்கு என்று விட்டுவிட்டுப் போனாள்.

அதிலிருந்து ஒரு முறை வந்தது. தொட்டில் பங்களாவுக்குத் திரும்பிப் போகாது. ஒரு வீட்டில் பிள்ளை எழும்பி நடக்கத் தொடங்கினால் தொட்டில் அந்த வீட்டிலேயே நிற்கும். அடுத்ததாக யாருக்குப் பிள்ளை பிறக்க இருக்கிறதோ அந்தத் தகப்பன், ஞாயிறு ஆராதனை முடிய நேரே அந்த வீட்டுக்குப் போய்த் தொட்டிலைத் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். தேத்தண்ணி கொடுப்பார்கள். குடித்துவிட்டுத் தோளில் வைத்துக் காவிக்கொண்டு போக வேண்டும். வண்டியில் ஏற்றக்கூடாது. பிள்ளை கிடந்த பிறகு தகப்பன் தொட்டிலைக் கவிழ்த்து, அடிப்பலகையில் பிள்ளையின் பெயரையும் வருடத்தையும் எழுதுவான். எல்லாவற்றிலும் பெரிய சட்டம் ஒன்று உண்டு. தொட்டில் வைத்திருக்கிறவர்கள், இந்தா கொண்டுபோ என்று தாங்களாகக் கொடுக்கக் கூடாது. கேட்டு வந்தால்தான் கொடுக்கலாம். கேளாத வீட்டுக்குத் தொட்டில் போனால் பிள்ளைக்காகாது என்பார்கள். வேதத்தில் இல்லாத சட்டந்தான். வேதத்தில் உள்ளதைவிட இதைத்தான் எங்கள் சனம் பயந்து காத்தது.

இவ்வளவையும் சொல்ல, பிரியந்தினி கைபேசியில் பதிந்துகொண்டிருந்தாள். தொட்டிலில் கிடந்த பிள்ளைகளின் பெயரெல்லாம் எழுதிப் பங்களாவில் ஒரு பலகை வைக்கப் போவதாகச் சொல்லி, பேனையை எடுத்துக்கொண்டு குனிந்து அடிப்பலகையைப் பார்த்தாள்.

"கடைசிப் பேர் ஜொனதன், தொண்ணூத்தி நாலு. அதுக்குப் பிறகுதான் உங்களிட்டை வந்ததோ?"

"ஓம். தொண்ணூத்தி அஞ்சு ஆவணி."

"உங்கடை பிள்ளையின்ரை பேர் இல்லையே அன்ரி?"

அவள் சும்மாதான் கேட்டாள். நான் வெள்ளைத் துணியை எடுத்து மடித்தேன்.

என்னுடைய பிள்ளைக்குப் பெயர் ஜெசிதா. நானும் ஹெக்டரும் இரண்டு மாதம் சண்டை பிடித்துத் தெரிந்தெடுத்த பெயர். எனக்கு அப்போது முப்பத்தேழு வயது. தபால்கந்தோரில் முத்திரை குத்திக் குத்தியே கிழவியாகப் போகிறாள் என்று சொன்ன சனத்தின் முன்னால் வயிற்றைத் தள்ளிக்கொண்டு சேர்ச்சுக்குப் போனவள் நான். ஹெக்டர் சங்கக்கடை மனேச்சர், மெலிந்த மனிதன். அவரும் என் தம்பியும் ஜொனதன் வீட்டிலிருந்து ஒன்றரை மைல் தொட்டிலைக் காவி வந்தார்கள். ஹெக்டருக்குத் தோள் உரிந்துவிட்டது. நான் மருந்து போடப் போக, "விடும், இருக்கட்டும்" என்று சிரித்தார். அந்த மனிதன் அவ்வளவு சந்தோசமாக இருந்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

புரட்டாதியில் எனக்கு இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் வெட்டித்தான் பிள்ளையை எடுத்தார்கள். நான் கண் விழித்தது ஆறாம் நாள். பிள்ளை மூன்றாம் நாளே போய்விட்டாள். ஹெக்டர் கட்டிலடியில் நின்று, "ஜெசிதா எண்டு பேர் சொல்லித்தான் மண் போட்டனான்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பிள்ளையை நான் பார்க்கவில்லை. கறுப்போ சிவப்போ, நெட்டையோ குட்டையோ, எனக்குத் தெரியாது. கேட்டால் அந்த மனிதன் விம்மி விம்மி அழுவார். பிறகு கேட்கலாம் என்று விட்டேன். பிறகு பிறகு என்று விட்டு, பதினாறு வருடத்தில் அவரும் போய்விட்டார்.

ஞானஸ்நானம் எடுக்காத பிள்ளை, சேர்ச்சுப் புத்தகத்தில் பெயர் இல்லை. ஹெக்டர் பதிவுக்குப் போவதற்குள் யுத்தத்தில் இடப்பெயர்வு வந்துவிட்டது. ஊரோடு ஊராகத் தென்மராட்சிக்கு ஓடினோம். அடுத்த வருடம் திரும்பி வந்தால் பிள்ளையைப் புதைத்த சேமக்காலையில் பங்கர் வெட்டிக் கிடந்தது. இந்த இடந்தான் என்று ஹெக்டரால் விரல் நீட்ட முடியவில்லை. அங்கும் இங்கும் நடந்துவிட்டு ஒரு பனையடியில் குந்திவிட்டார். உலகத்தில் ஒரு கடதாசியில், ஒரு கல்லில், என் பிள்ளையின் பெயர் இல்லை.

வீட்டில் கதவு, யன்னல், ஓடு, கிணற்றுக் கப்பி எல்லாம் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தொட்டில் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. கள்ளனுக்கும் அது வேண்டாம்! நான் அன்றைக்குச் சிரித்தேன். ஹெக்டர் பயந்துபோய் என் கையைப் பிடித்தார்.

சரி, இனி யாராவது கேட்டு வருவார்கள் என்று சனிக்கிழமை தோறும் துடைத்து வைத்தேன். தொண்ணூற்றேழில் பக்கத்து வீட்டு யோசப்பினுக்குப் பிள்ளை பிறக்க இருந்தது. என்னைவிட ஏழு வயது இளையவள். அக்கா அக்கா என்று வேலிப் பொட்டால் வந்து போனவள். முதலாம் ஞாயிறு தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன். இரண்டாம் ஞாயிறும் வைத்தேன். ஒருவரும் வரவில்லை. ஒருநாள் வேலிக்கு மேலால் பார்க்கிறேன், அவர்கள் விறாந்தையில் சேலையில் ஏணை கட்டித் தொங்குகிறது. அதற்குள் அவளுடைய றொபின் கிடந்து ஆடுகிறான். வேலிக்கு இந்தப் பக்கம் முதிரைத் தொட்டில் சும்மா நிற்கிறது.

அதற்குப் பிறகு சபையில் பிறந்த பிள்ளைகளெல்லாம் ஏணையில்தான் வளர்ந்தன. யோசப்பினே கேட்காததை மற்றவர்கள் ஏன் கேட்கப் போகிறார்கள்? பிள்ளை தங்காத தொட்டில் என்று ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாலு பேச்சுப் பேசி ஆறியிருப்பேன். "நாங்களாப் போய்ச் சொல்லுவமே?" என்று ஹெக்டர் ஒருதரம் கேட்டார். "சட்டம் உமக்குத் தெரியாதோ?" என்று எரிந்து விழுந்தேன்.

யோசப்பின் வீட்டார் பிறகு அரியாலைக்குப் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சேர்ச்சுக்கு வருவாள். எனக்கு இரண்டு வாங்கு வரிசை முன்னால் இருப்பாள். பிரசங்கம் முழுக்க அவளுடைய பிடரியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் திரும்பிச் சிரித்தால் பாட்டுப் புத்தகத்தைத் திறந்துவிடுவேன். ஹெக்டர் போன பிறகு, உண்மையைச் சொன்னால், எனக்கு வாரத்தில் இருந்த ஒரே வேலை அவளோடு கோபமாக இருப்பதுதான்.

இதெல்லாவற்றையும் அந்தப் பெட்டைக்குச் சொல்லவில்லை. பிள்ளை இறந்துபோனாள் என்று மட்டும் சொன்னேன். அவள் பேனையை மூடிவிட்டாள்.

"தொட்டிலைத் தாறன்" என்றேன். "நீ கேட்டு வந்தனீ, தராமல் விடேலாது. ஆனால் ஒண்டு. உங்கை பலகை வைக்கப் போறியள் எண்டு சொன்னனீ, இதிலை கிடந்த பிள்ளையளின்ரை பேரெல்லாம் போட்டு. அதிலை என்ரை பிள்ளையின்ரை பேரும் வரவேணும்."

"கொமிற்றியிலை கேட்டுச் சொல்லுறன் அன்ரி."

"நீயே எழுதினால் என்ன? கொமிற்றி பெத்ததோ பிள்ளையை?"

அவள் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. "கேக்கிறன் அன்ரி" என்று விட்டுப் போனாள்.

நானே தூரிகையை எடுத்து அடிப்பலகையில் எழுதியிருக்கலாம், ஒருவரும் தடுக்கமாட்டார்கள். ஹெக்டர் இறந்த வருடம் மைப் போத்தலைத் திறந்தும் விட்டேன். நானே எழுதி நானே வாசிப்பதென்றால் அது கொப்பியில் கிறுக்கி வைப்பது மாதிரி. முப்பத்தொரு வருடம் தபால்கந்தோரில் இருந்தவள் நான். மற்ற ஆள் ஒப்பம் வைத்தால்தான் பதிவுத் தபால் போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு. மூடியைப் போட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் பிரியந்தினி ஃபோன் எடுத்தாள். இழுத்து இழுத்துக் கதைத்தாள். கொமிற்றித் தலைவர் யாகோப்பு மாஸ்ரர் சொல்லிவிட்டாராம். பலகையில் வருவது தொட்டிலில் கிடந்த பிள்ளைகளின் பெயர் மட்டுந்தான். ஒரு பெயர் புதிதாகச் சேர்ப்பதென்றால், பிள்ளை அதில் கிடந்தது என்று தெரிந்த ஒரு ஆள் சொல்ல வேண்டும்.

"நான் சொல்லுறன் தானே?"

"உங்களைத் தவிர, அன்ரி."

ஃபோனை வைத்துவிட்டுக் கனநேரம் தொட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தேன். பிள்ளை இந்த வீட்டுக்கே வரவில்லை. ஆஸ்பத்திரியில் பிறந்து ஆஸ்பத்திரியில் போனவள். தொட்டில் இங்கே வெறுமையாக நின்றது. அதுதான் உண்மை. அந்த உண்மையால் எனக்கு என்ன கிடைத்தது? பொய் சொல்வது என்று தீர்மானித்தேன். கிடந்தாள் என்று முகத்துக்கு நேரே சொல்லுவேன், இல்லை என்று சொல்ல இன்றைக்கு யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று நினைத்தேன். யோசப்பின் என்ற ஒருத்தி இருக்கிறாள் என்பது அந்த நேரம் நினைவில் வரவில்லை. கோபம் கண்ணை மறைக்கும் என்பார்களே, அது சரிதான்.

சனிக்கிழமை காலை கேதீஸ்வரன் என்ற இணுவில் கமக்காரர் லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் கொண்டுவந்தார். கூட அவருடைய தமையனும் வந்தார். தோளில் காவ வேண்டிய சாமான். காவுவதற்கு எனக்கு யார் இருக்கிறார்கள்? கேதீஸ்வரன் தேவதூதனைப் பார்த்துவிட்டு, "இதென்னம்மா, எங்கடை தேரிலை இருக்கிற ஆள் மாதிரியெல்லோ கிடக்கு!" என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தூக்கும்போது இரண்டு பேரும் செருப்பைக் கழற்றி வைத்தார்கள். எங்கள் சபையில் ஒருவருக்கும் வராத மரியாதை.

தொட்டில் வாசல் தாண்டும்போது எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அறைக்குள் திரும்பிப் பார்த்தேன். நிலத்தில் நாலு கால் தடம் வெள்ளையாக இருந்தது.  சாப்பாட்டுக்கு உட்காரும்போது தொட்டிலைப் பார்த்துக்கொண்டுதான் உட்காருவேன். வெளியே போனால் "போட்டு வாறன்" என்று அதற்குத்தான் சொல்லிவிட்டுப் போவேன். விசர்க் கிழவி என்று நினையுங்கள், எனக்கென்ன.

"அம்மா, நீங்கள் ஓட்டோவிலை வாங்கோ" என்றார் கேதீஸ்வரன்.

"நான் இதோடைதான் வாறன்" என்று பின்பெட்டியில் ஏறிவிட்டேன். அறுபத்தேழு வயதில் லான்ட்மாஸ்ரர் பெட்டியில், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு கையால் தொட்டிலைப் பிடித்தபடி போனேன். சந்தியில் பஸ்ஸுக்கு நின்ற சனம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. புகையிலைத் தோட்டத்து வாய்க்காலில் தண்ணீர் மாறிக்கொண்டிருந்த ஒருவர் மண்வெட்டியை ஊன்றிவிட்டு நின்றார். நான் நேரே பார்த்துக்கொண்டு இருந்தேன். ஒழுங்கையில் ஒவ்வொரு குழியிலும் தொட்டில் தானாக ஆடியது. ஆட்டுவதற்கு நான் ஒருநாளும் துணியாத தொட்டில்.

பங்களாவை நன்றாகத் திருத்தியிருந்தார்கள். ஓடு மாற்றி, சுண்ணாம்பு அடித்து, நிலம் பளபளவென்று இருந்தது. ஒரு பக்க அறையில் உயரக் கட்டில் போட்டு, நுளம்பு வலை கட்டி, பக்கத்தில் தொட்டிலுக்கு இடம் விட்டிருந்தார்கள். முன்னால் ஒரு கயிறு. யாகோப்பு மாஸ்ரர் மேசை போட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இருந்தார். பிரியந்தினி எனக்குக் கதிரை இழுத்து வைத்தாள். கட்டிலுக்கு மெத்தை விரிப்பு விரித்துக்கொண்டிருந்த மாதர் சங்கத்துப் பெண் நிமிர்ந்தாள். யோசப்பின்.

 போய்விட்டது, எல்லாம் போய்விட்டது என்று நினைத்தேன். வலிப்பு வந்த அன்றைக்குக் காரைப் பிடித்து என்னை ஏற்றிவிட்டவளே இவள்தான். பிள்ளை வீட்டுக்கு வரவில்லை என்று இவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

தொட்டிலைக் கவிழ்த்தார்கள். மாஸ்ரர் பழைய பெயர்களிலிருந்து ஒவ்வொன்றாக வாசிக்க, பிரியந்தினி எழுதினாள். கடைசியாக ஜொனதன்.

"நாப்பத்தொண்டு" என்றார் மாஸ்ரர்.

"நாப்பத்திரண்டு" என்றேன் நான்.

அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கெட்ட மனிதர் அல்ல. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர், எல்லாம் சரிவர வேண்டும் அவருக்கு. "மிரியம், குறை நினையாதையும். இது எதிர்காலத்துக்கு நிக்கப்போற பலகை. பிழையா ஒண்டை எழுதக்கூடாது. பிள்ளை இதிலை கிடந்ததோ?"

"கிடந்தது."

"ஆஸ்பத்திரியிலை எண்டெல்லோ நான் கேள்விப்பட்டது?"

"கேள்விப்பட்டியளோ? கேள்விப்பட்டனியள் ஒருக்கா வந்து கேட்டிருக்கலாமே, முப்பது வருஷமா எங்கை போனனியள்?" என் குரல் அந்தப் பெரிய அறையில் எனக்கே பயமாகக் கேட்டது. "பெத்தவள் சொல்லுறன், கிடந்தது. என்ரை பிள்ளைக்கு ஒரு கல்லும் இல்லை, ஒரு கடதாசியும் இல்லை. ஒரு பலகையிலை ஒரு வரி எழுதினால் உங்களுக்கு என்ன குறைஞ்சு போகும்?"

 மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றினார், திரும்பப் போட்டார். பிறகு நான் பயந்தது நடந்தது.

"யோசப்பின், நீர் அப்ப அவைக்குப் பக்கத்து வீடு தானே?"

"ஓம் மாஸ்ரர்."

"பிள்ளையைக் கண்டனீரோ?"

அவள் விரிப்பின் ஓரத்தைக் கையில் பிடித்தபடி நின்றாள். நரைத்துவிட்டாள். இவ்வளவு காலமும் பிடரியைப் பார்த்த எனக்கு அவள் முகம் இப்படி ஒட்டிப்போனது தெரியவில்லை. சொல்லு, நீ சொல்லக்கூடியவள்தான், முடித்துவிடு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"ஓம். நான் கண்டனான்."

"தொட்டிலிலை கிடந்ததோ?"

"கிடந்தது மாஸ்ரர். எழுதுங்கோ."

மாஸ்ரர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பினாரோ இல்லையோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம். "எழுதும் பிள்ளை" என்றார். பிரியந்தினி எழுதினாள். நாற்பத்திரண்டு, ஜெசிதா, 1995. நான் கிட்டப்போய் இரண்டு தரம் வாசித்தேன். எழுத்துப் பிழை இல்லை. தொட்டிலை ஒப்படைத்த கடதாசியில் ஒப்பம் வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். அது என் ஒப்பம் மாதிரியே இல்லை.

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. விறாந்தைக்கு வந்து வாங்கில் இருந்தேன். சந்தோசமாக இருக்க வேண்டும் அல்லவா? கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் கிடைத்தது அவளுடைய பொய்யால். என் பிள்ளைக்கு ஒரு வரி, அதையும் இவள் பிச்சை போட வேண்டுமா? பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. யோசப்பின் வந்து வாங்கின் மற்ற நுனியில் இருந்தாள்.

"ஏன் பொய் சொன்னனீ?" என்றேன், அவளைப் பார்க்காமல்.

"கண்டது பொய் இல்லை அக்கா."

நான் திரும்பினேன்.

"ஹெக்டரண்ணை உங்கடை கட்டிலை விட்டு அசையேல்லை. நீங்கள் தப்பமாட்டியள் எண்டு டொக்ரர்மார் சொல்லிப்போட்டினம். பிள்ளையோடை இருக்க ஒருத்தரும் இல்லை. நான்தான் இருந்தனான், மூண்டு நாளும்." அவள் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள். "என்ரை மடியிலை வைச்சுத்தான் போனவள்."

நான் அவளுடைய மடியைப் பார்த்தேன்.

"அக்காவுக்குச் சொல்லாதேங்கோ எண்டு அண்ணையைக் கேட்டதும் நான்தான். என்ரை கையிலை போச்சுதெண்டு தெரிஞ்சால், பிறகு நீங்கள் என்ரை முகத்திலை முழிப்பியளோ? பயந்திட்டன். அண்ணை கடைசி மட்டும் சொல்லேல்லை."

"அதுதான் நீ தொட்டில் கேட்டு வரேல்லையோ?"

"என்னெண்டு அக்கா கேக்கிறது? அந்தப் பிள்ளை போன மடியிலை என்ரை பிள்ளையை வைச்சுக்கொண்டு, உங்கடை வாசலிலை வந்து, தொட்டிலைத் தாங்கோ எண்டு கேக்கச் சொல்லுறியளோ? என்ரை மனுசன் போறன் எண்டு வெளிக்கிட்டவர். நான் கேற்றைப் பூட்டித் திறப்பை எடுத்து வைச்சிட்டன். நீங்களா ஒரு சொல்லு, எடுத்துக்கொண்டு போ எண்டு சொல்லியிருந்தால் ஓடிவந்திருப்பன்."

"நானாச் சொல்லக்கூடாதடி. சட்டம்."

"தெரியும் அக்கா."

கேதீஸ்வரன் லான்ட்மாஸ்ரரை ஸ்டார்ட் பண்ணி, என்னை ஏற்ற வேண்டுமா என்று கையால் கேட்டார். போகச் சொல்லிக் கை காட்டினேன். சத்தம் ஒழுங்கை முடியும்வரை கேட்டது. பிடரியைப் பார்த்துப் பார்த்து முப்பது வருடம் சபித்தேனே, என் பிள்ளையின் முகம் முழுக்க அந்தத் தலைக்குள்தானே இருந்தது! ஹெக்டர் போன பிறகு உலகத்தில் வேறு ஒரு இடத்திலும் அது இல்லை. இரண்டு வாங்கு தூரம். எட்டித் தொட்டிருக்கலாம். பாவி, பாவி என்று என்னைத்தான் ஏசினேன்.

"அவள் ஆரைப் போலையடி?" என்று கேட்டேன். குரல் வரவில்லை, காற்றுத்தான் வந்தது. அவளுக்கு விளங்கிவிட்டது.

"உங்களைப் போலைதான். நல்ல சிவலை. தலைமயிர் பிடரி மட்டும். காது மட்டும் ஹெக்டரண்ணையின்ரை, ஒரு பக்கம் மடிஞ்சு இருந்தது. அழவே இல்லை அக்கா. ரெண்டாம் நாள் பின்னேரம் கண்ணைத் திறந்து என்னைப் பாத்தவள். பிறகு கொட்டாவி விட்டவள்."

"கொட்டாவி விட்டவளோ?"

"ஓம். வடிவா வாயைத் திறந்து. கையை இப்பிடி மேலை தூக்கி."

அவள் செய்து காட்டினாள். அறுபது வயது மனுசி, பங்களா விறாந்தையில் இருந்துகொண்டு, இரண்டு கையையும் பொத்திக் காதோடு தூக்கி, கண்ணை மூடி, சின்னதாக ஒரு கொட்டாவி விட்டாள்.

"இன்னொருக்காச் செய்" என்றேன்.

செய்தாள்.